ஒரு கணினி, இரண்டு கோப்புறை

1999 மே 17ஆம் திகதி பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' என்ற மென்பொருளை வெளியிட்டது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைத் துண்டு துண்டாக்கி, வேற்றுலகச் சமிக்ஞை ஏதும் உண்டா என்று அலசும் வேலையை வீட்டுக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு துண்டு 107 விநாடிப் பதிவு. ஏறக்குறைய 350 கிலோபைட்தான் என்பதால் டயல்-அப் இணைப்பிலும் இறக்கிவிடலாம்.

முடித்த துண்டுகளை எண்ணித் தரவரிசையும் போட்டார்கள். போட்டி சூடுபிடித்தது. ஒரே கணினியில் ஒரே மென்பொருளின் பல பிரதிகளை ஓட்டும் வழக்கம் அந்தச் சூட்டில் வளர்ந்ததுதான்.

அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அன்றைய மென்பொருளுக்கு ஒரு செயலியை மட்டுமே பயன்படுத்தத் தெரியும். இரண்டு செயலி உள்ள கணினியில் ஒன்று உழைக்க, மற்றது வேடிக்கை பார்த்தது. புரதங்கள் மடியும் விதத்தைக் கணிக்க 2000 ஒக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கிய 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்திலும் இதே நிலைதான். ஆர்வலர்கள் இரண்டு கோப்புறை திறந்தார்கள். இரண்டிலும் மென்பொருளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இயந்திர எண் கொடுத்தார்கள். எண் ஒன்றாக இருந்தால் சேவையகத்துக்கு இரண்டும் ஒரே கணினியாகத் தெரியும். கோப்புறை ஒன்றாக இருந்தாலோ ஒரு பிரதியின் கணக்கை மற்றது அழித்துவிடும்.

2002 நவம்பரில் இன்டெலின் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வந்தது. ஒரே செயலி, இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டு. இரண்டு பிரதி ஓட்டினால் மொத்த விளைச்சல் ஓரளவு கூடியது. ஆனால் ஒவ்வொரு துண்டும் முடிய அதிக நேரம் எடுத்தது. பாலாவி உப்பளத்தில் களப்புநீர் வரும் வாய்க்கால் ஒன்றாகவே இருக்க, பாத்திகளை மட்டும் இரட்டிப்பாக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

செட்டிக்கு இந்தத் தாமதம் பொருட்டல்ல. அதன் துண்டுகள் ஒன்றையொன்று சாராதவை. ஃபோல்டிங்கில் அப்படியில்லை. ஒரு துண்டின் முடிவிலிருந்துதான் அடுத்த துண்டு உருவாகும். நான்கு துண்டுகளை மெதுவாக முடிப்பவரைவிட ஒன்றை விரைவாக முடிப்பவரே ஆய்வுக்கு உதவுகிறார். புள்ளிக் கணக்கோ எண்ணிக்கைக்கே பரிசு கொடுத்தது.

2005இல் இரட்டைக் கரு செயலிகள் கடைக்கு வந்ததும் இந்த முரண் பெரிதாயிற்று. 2006இன் இறுதியில், எல்லாக் கருக்களையும் ஒரே துண்டில் இறக்கும் பதிப்பை ஃபோல்டிங் குழு வெளியிட்டது. பின்னர் விரைந்து முடிப்போருக்கு ஊக்கப் புள்ளியும் வந்தது. செட்டி 2005 டிசம்பரில் 'போயிங்க்' தளத்துக்கு முழுதாக மாறியது. கருவுக்கு ஒரு வேலையாக அதுவே பங்கிட்டது. 2012இல் வந்த ஃபோல்டிங்கின் ஏழாம் பதிப்பும் கணினியின் வேலைகளைத் தானே நிர்வகித்தது. கோப்புறைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

2020 மார்ச் 31ஆம் திகதி செட்டி துண்டு அனுப்புவதை நிறுத்தியது. அதே மாதம் கொரோனா ஆய்வுக்காக ஃபோல்டிங்கில் இணைந்த தொண்டர் கூட்டம் மிகப் பெரிது. அவர்களின் கணினிகளுக்குக் கொடுக்கப் போதிய துண்டுகள் இல்லாமல் சேவையகங்கள் திணறின.