தானே மூடும் கதவு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்த நம்மில் பலர், மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருக்கிறோம். வாயிற்கதவு எதற்கு என்று யாரேனும் வினவினால், கள்வருக்கு அஞ்சி என்றே விடையிறுப்போம். அது தீயையும் புகையையும் தடுக்கும் மதில் என்னும் எண்ணம் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. மேலைநாட்டு நகரங்களிலும் அவ்வெண்ணம் மெல்லத்தான் உருவாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், நியூயார்க் நகரத்தில் பிற நாடுகளிலிருந்து குடியேறிய ஏழை மக்கள் நெருக்கமான மாடிக் கட்டடங்களில் வாழ்ந்தனர். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டடங்களுக்குத் தீயிலிருந்து தப்பும் வழி வேண்டுமென விதித்தது. முகப்புகளில் இன்றும் தொங்கும் இரும்புப் படிகள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. எவ்வாறு வெளியேறுவது என்பதே அன்றைய சிந்தனை. கட்டடங்கள் மேன்மேலும் உயர்ந்தபோது, தீயை அது பிறந்த வீட்டிலேயே சிறைப்படுத்துவது எவ்வாறு என்னும் வினா வலுப்பெற்றது. சுவரைச் செங்கல்லால் எழுப்பிவிடலாம். ஆனால் அதில் வாயில் வைத்தாக வேண்டுமே! ஆகவே கதவு சோதனைக்கு உள்ளாயிற்று. கதவை நிலையோடு உலைமுன் நிறுத்தி, அரைமணி நேரத்தில் வெப்பம் 800 செல்சியஸ் பாகையைக் கடக்கும்படி எரித்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அளந்தனர். அரைமணிக் கதவு, ஒருமணிக் கதவு என்னும் வகைகள் இவ்வாறு வந்தவை.

எனினும், திறந்து கிடக்கும் கதவு எத்தனை மணி தாங்கி என்ன பயன்? உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர் திரும்பி நின்று கதவைச் சாத்துவாரென எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு ஒவ்வாது. கையை விட்டவுடன் கதவு தானே வந்து மூடிக்கொள்ளும்படி, கீலில் சுருள்வில் பொருத்தும் முறை இதனாலேயே வேண்டியதாயிற்று. (காற்றுக்காக மரக்கதவைத் திறந்துவைத்துக் கம்பிக்கதவை மட்டும் பூட்டிக்கொள்ளும் நம் வழக்கம், புகைக்கு எவ்விதத் தடையும் ஆகாது.)

2017 டிசம்பர் 28 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஐந்து மாடிக் கட்டடமொன்றின் முதல் தளத்தில், குழந்தையொன்று அடுப்போடு விளையாடியதால் தீப்பற்றியது. தாய் தம் பிள்ளைகளோடு வெளியே ஓடினார். கதவு திறந்தே நின்றது. மாடிப்படி புகைபோக்கியாக மாறிற்று. 13 பேர் மாண்டனர். மறு ஆண்டே நகர மன்றம், 2021 ஜூலை இறுதிக்குள் குடியிருப்புக் கட்டடங்களில் தானே மூடும் கதவுகள் இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தது.

அக்கெடு கடந்து ஆறு திங்கள்கூட ஆகவில்லை. 2022 ஜனவரி 9 அன்று, அதே பிராங்க்ஸில் 19 மாடிக் கட்டடமொன்றில், குளிருக்காக வைத்திருந்த மின்கணப்பிலிருந்து தீ எழுந்தது. தீப்பிழம்பு அந்த வீட்டையும் வெளி நடையையும் தாண்டிப் பெரிதும் செல்லவில்லை. ஆனால் அவ்வீட்டின் கதவு மூடிக்கொள்ளவில்லை. 15-ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவொன்றும் திறந்திருந்தது. புகை கட்டடமெங்கும் ஏறிற்று. எட்டுச் சிறுவர் உட்பட 17 பேர் புகையால் மடிந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கு மிகுதி. ஒரே நாளில் 15 பேருக்கு இறுதித் தொழுகை நடந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. சுருள்வில்தான் வேலை செய்யவில்லை.

இலண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்கள் போனதற்கு முதற்காரணம் வெளிச்சுவரில் பொருத்திய எரியும் தகடுகளே. ஆயினும் அங்கிருந்து எடுத்துச் சோதித்த வாயிற்கதவு, அரைமணி தாங்கவேண்டியது, கால்மணியே தாங்கிற்று. அதன்பின் இங்கிலாந்தில் வந்த விதிகளின்படி, 2023 ஜனவரி முதல், 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டின் வாயிற்கதவையும் ஆண்டுக்கொரு முறை பார்வையிட முயலவேண்டும். பொதுவழிக் கதவுகளை மூன்று திங்களுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும். அச்சோதனையின் முக்கியப் பகுதி மிக எளியது. கதவைத் திறந்து கையை விட்டுவிடுகிறார்கள். அது யாரும் தொடாமல் வந்து நிலையில் முற்றும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள்.