வெட்டின ஒரு நிமிஷம்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இன்னொரு எபிசோட். டெலிட்டட் சீன்னாலே படத்துல மிஞ்சிப்போன துண்டுன்னுதான் நினைக்கிறோம். பழைய பங்களா, பூட்டிய அறை, குடும்ப ரகசியம்னு போகிற காத்திக் பேய்ப் படங்களில் அது அப்படி இல்லை. ஒரு நிமிஷத்தை எடுத்துட்டா, யாரைப் பார்த்துப் பயப்படணும் என்பதே மாறிவிடும்.

முதல் சாட்சி 1931ல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’. ஏரிக்கரையில் மரியா என்ற சின்னப் பொண்ணு, போரிஸ் கார்லாஃப் நடித்த அந்த உருவத்தைப் பார்த்துப் பயப்படாமல் விளையாடக் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் பூக்களைத் தண்ணீரில் போட, அவை மிதக்கின்றன. கையிலிருந்த பூ தீர்ந்துபோகிறது. இவளும் மிதப்பாள் என்று நினைத்து அது அவளைத் தூக்கி ஏரியில் போடுகிறது. அவள் மூழ்கியதும் பதறுகிறது. குழந்தை மாதிரி விவரம் தெரியாமல் செய்த தப்பு அது.

இது ரொம்பக் கொடூரம் என்று சில அமெரிக்க மாநில சென்சார் போர்டுகள் வெட்டின. 1934ல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாரானபின், மறுவெளியீட்டுப் பிரதியிலும் அது போய்விட்டது. மிஞ்சினது என்ன? அந்த உருவம் சிரித்துக்கொண்டே குழந்தையை நோக்கிக் கையை நீட்டுகிறது. கட். கொஞ்ச நேரம் கழித்து, கல்யாணக் கொண்டாட்டத்துக்கு நடுவே அப்பா மகளின் உடலைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வருகிறார்.

இடையில் என்ன நடந்திருக்கும்? பார்ப்பவர் மனசு போகிற இடம், வெட்டின காட்சியைவிட மோசமானது. கோடில் ஒரு ஃபங்ஷனைத் தூக்கிட்டா எரர் வரும், கண்டுபிடிச்சிடலாம். சினிமாவில் எரர் வராது. ஓட்டையை நாமே நிரப்பிக்கொள்வோம். 1980களில் அந்தக் காட்சி திரும்பச் சேர்க்கப்படும்வரை, சுமார் அரை நூற்றாண்டு, வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு குழந்தையைத் திட்டம் போட்டுக் கெடுத்த மிருகம். சென்சார் கொடூரத்தைக் குறைக்கவில்லை. ஒரு அப்பாவியைக் குற்றவாளி ஆக்கிவிட்டது.

இயக்குநரே வெட்டினால்? ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’, 1980. ஹோட்டல் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவையும் பையனையும் பார்க்கிற காட்சி கடைசியில் இருந்தது. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்ரிக் அதைப் பிரதிகளிலிருந்து எடுக்கவைத்தார். இப்போது பனியில் உறைந்த அப்பாவும் 1921ஆம் வருஷ போட்டோவும்தான் முடிவு. ‘தப்பிச்சுட்டாங்க’ என்று மூச்சுவிட இடமே கிடையாது.

பிறகு ஐரோப்பாவுக்காக 144 நிமிடப் படத்தை 119 நிமிடமாக்கினார். அதில் போன காட்சிகளில் ஒன்று, ஆரம்பத்தில் டாக்டர் வீட்டுக்கு வருவது. குடிபோதையில் அப்பா முன்பு பையனின் கையை இழுத்ததில் மூட்டு நழுவியது என்று அம்மா சொல்வது அங்கேதான். நீளமான படத்தில், குடும்பம் ஹோட்டலுக்குள் நுழையும்போதே நம் கண் அப்பாமேல் இருக்கும். சின்ன படத்தில் அந்த விஷயம் அவர் பாரில் உட்கார்ந்து புலம்பும்போதுதான் தெரியும். அதுவரை சந்தேகமெல்லாம் கட்டடத்தின்மேல். கதை ஒண்ணுதான், பயப்படும் திசை வேறு.

நம்ம பக்கத்திலும் இதைச் சோதிக்கலாம். ‘சந்திரமுகி’க்கு மூலமான 1993ஆம் வருஷ மலையாளப் படம் ‘மணிச்சித்ரத்தாழ்’. கங்காவின் சிறுவயதுக் கதை கடைசிப் பகுதியில்தான் வரும். அதுவரை நம்மை இன்னொரு பெண்ணைச் சந்தேகப்பட வைப்பார்கள். அந்தக் கதையை முதல் அரைமணியில் வைத்துப் பாருங்க. ‘யார் அது’ என்ற கேள்வி செத்துப்போகும். பதிலுக்கு, ‘இந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப்போகுது’ என்ற தவிப்பு முதல் சாவி திரும்பும்போதே தொடங்கிவிடும். அதுவும் நல்ல படம்தான், ஆனா வேற படம்.

அதனால் அடுத்த தடவை டெலிட்டட் சீன் பார்க்கும்போது ‘நல்லா இருக்கே, ஏன் வெட்டினாங்க?’ என்பதோடு நிறுத்தாதீங்க. இது இருந்திருந்தா யார்மேல் சந்தேகம் வந்திருக்கும், யார்மேல் இரக்கம் வந்திருக்கும்னு கேளுங்க. ஃப்ராங்கன்ஸ்டைனின் ஏரிக்கரைக் காட்சியை முதலில் பாருங்க, அப்புறம் கை நீட்டுகிற இடத்தில் பாஸ் பண்ணி நேரா அந்த அப்பா நடந்து வரும் இடத்துக்குத் தாவிப் பாருங்க. என்ன தோணுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.