கதிரில் முளைத்தல்

கதிரில் முளைத்தல் என்பது கோதுமை, வாற்கோதுமை, நெல், மக்காச்சோளம் முதலிய தானியப் பயிர்களில் மணிகள் அறுவடைக்கு முன்பே தாய்ச்செடியில் இருந்தவாறு முளைவிடுவதைக் குறிக்கும். முற்றிய கதிர்கள் மழையில் நனையும்போது இது பெரும்பாலும் நிகழ்கிறது. ஏற்ற ஈரமும் வெப்பமும் கிடைத்தும் உயிருள்ள விதை முளைக்காதிருக்கும் நிலை விதை உறக்கம் எனப்படும். உறக்கம் குறைந்த வகைகளே கதிரில் எளிதில் முளைக்கின்றன.

ஜப்பானின் பல பகுதிகளில் கோதுமை அறுவடை சூன் மாத மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. காவிரிப் படுகையில் குறுவை நெல்லின் அறுவடை சில ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் அகப்பட்டு, சாய்ந்த கதிர்கள் வயலிலேயே முளைப்பதுண்டு.

பாதிப்புகள்

முளைக்கத் தொடங்கிய மணியில் ஆல்ஃபா அமைலேசு என்னும் நொதி உருவாகி மாப்பொருளைச் சிதைக்கிறது. இத்தகைய கோதுமையின் மாவில் செய்த ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுப்பாக இருக்கும். எனவே அக்கோதுமை விலை குறைந்து, பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகிறது. பாதிப்பை அறிய, மாவும் நீரும் சேர்ந்த கலவையைக் கொதிநீரில் சூடாக்கி, அக்கூழில் ஒரு கலக்குகோல் அமிழும் நேரத்தை அளப்பர். முதலில் கலக்கும் 60 நொடிகளையும் சேர்த்து, நல்ல கோதுமையில் இந்நேரம் பொதுவாக 300 நொடிகளுக்கு மேல் இருக்கும். நொதி மிகுந்தால் கூழ் இளகிக் கோல் விரைவில் அமிழ்ந்துவிடும்.

மரபியல்

விதை உறக்கம் பல மரபணுக்களாலும் சூழலாலும் தீர்மானிக்கப்படும் பண்பாகும். அப்சிசிக் அமிலம் என்னும் வளரூக்கி உறக்கத்தை நிலைநிறுத்துகிறது. ஜிப்ரலின் முளைத்தலைத் தூண்டுகிறது.

* மக்காச்சோளம்: விவிபரசு-1 மரபணு பழுதுபட்டால், கரு அப்சிசிக் அமிலத்திற்கு உரியவாறு இணங்காமல் கதிரிலேயே முளைக்கிறது.
* கோதுமை: செந்நிற மணி வகைகளுக்கு வெண்ணிற வகைகளைவிடப் பொதுவாக உறக்கம் மிகுதி. செந்நிறத்தைத் தரும் மரபணுக்கள் 3ஏ, 3பி, 3டி நிறப்புரிகளில் உள்ளன. குளிரில் முற்றும் மணிகளின் உறக்கம் ஆழமாவதில் எம்எஃப்டி என்னும் மரபணுவுக்குப் பங்குண்டு என 2011இல் அறியப்பட்டது.
* நெல்: எஸ்டிஆர்4 மரபணு 2010இல் கண்டறியப்பட்டது. கசலத்து வகையில் உள்ள இதன் வடிவம் ஆழ்ந்த உறக்கத்தையும், நிப்பொன்பரே வகையில் உள்ள வடிவம் குறைந்த உறக்கத்தையும் தருகின்றன.
* வாற்கோதுமை: கியூஎஸ்டி1, கியூஎஸ்டி2 ஆகிய இரு மரபணுக்கள் 2016இல் இனங்காணப்பட்டன. முதலாவது அலனின் அமினோ இடமாற்றி நொதியையும், இரண்டாவது எம்கேகே3 என்னும் புரதத்தையும் குறிக்கின்றன.

பயிர்ப்பெருக்கத்தில் முக்கியத்துவம்

காட்டுத் தானியங்களின் விதைகள் ஒரே மழைக்கு அனைத்தும் முளைத்துப் பின் வறட்சியில் அழிந்துவிடாமல் உறக்கம் காக்கிறது. உழவர்களோ விதைத்தவுடன் ஒருசேர முளைக்கும் விதைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். இதனால் பயிர்களின் உறக்கம் குறைந்தது. கதிரில் முளைக்கும் இடர் கூடியது. உறக்கத்தை அளவின்றிக் கூட்டுவதும் தீர்வாகாது. மால்ட்டு செய்ய வாற்கோதுமை விரைவாகவும் சீராகவும் முளைக்க வேண்டும். அடுத்த பருவ விதைப்பிலும் முளைப்புக் குறையக்கூடாது. ஆகவே அறுவடை வரை நீடித்து, விதைப்புக்குள் நீங்கிவிடும் நடுத்தர உறக்கமே பயிர்ப்பெருக்க வல்லுநர்களின் இலக்காக உள்ளது.