எகிப்தியக் காலையுணவும் திகன அடுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1883ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே 'மரியோற்றிஸ்' என்னும் கப்பல், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட எழுவரைக் கொழும்புத் துறைமுகத்திற் கொணர்ந்து சேர்த்தது. எகிப்தியத் தேசிய இயக்கத்தின் தலைவரான அகமது ஒராபி பாஷாவும், நவீன அறபுக் கவிதைக்குப் புத்துயிரளித்தவராகப் போற்றப்படும் மகுமூது சாமி அல் பாரூதியும் அவ்வெழுவருள் அடங்குவர். 1882 செப்டெம்பர் 13ஆம் நாள் தல்-அல்-கபீர்ப் போர்க்களத்திலே அவ்வியக்கம் பிரித்தானியப் படைக்குத் தோற்றது. தலைவர்களுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. குடும்பத்தினரும் பணியாளரும் அவர்களுடன் வந்தனர். ஒராபி பாஷா 1892 முதல் கண்டியில் வாழ்ந்து, 1901இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் மீண்டார். அவர் வாழ்ந்த கண்டி இல்லம் 1983இல் அவர் நினைவைப் பேணும் நிலையமாயிற்று.

இவ்வருகை ஈழத்து முஸ்லிம் சமூகத்திலே பதித்த தடங்கள் நன்கறியப்பட்டவை. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை மேற்கொண்ட கல்விப் பணிக்கு ஒராபி பாஷா ஊக்கமளித்தார். 1892இல் மருதானையில் தொடங்கப்பெற்ற பாடசாலையே பின்னாளில் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ஈழத்தின் முதற்றமிழ் நாவலெனக் கொள்ளப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் எகிப்தைத் தன் களங்களுள் ஒன்றாகக் கொண்டு வெளிவந்தமையும் இச்சூழலில் வைத்து நோக்கத்தக்கது. நாடுகடத்தப்பட்டோர் அணிந்த துருக்கித் தொப்பி இங்குள்ள முஸ்லிம்களின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. 1905இல் வழக்கறிஞர் அப்துல் காதர் அத்தொப்பியுடன் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை மறுக்கப்பட்டபோது, அது சமூகம் முழுவதையும் திரட்டிய பெருங்கிளர்ச்சிக்கு வித்தாயிற்று.

தொப்பி வேர்கொண்டது, கல்வி வேர்கொண்டது. ஆயின் எகிப்தியரின் அன்றாட வாழ்வில் இவையிரண்டிலும் ஆழமாகப் பதிந்த ஒன்று, அதாவது அவர்தம் காலையுணவு, ஈழத்து முஸ்லிம்களின் சமையலிற் புகவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் நிகழாத அது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே, முற்றிலும் வேறான மாந்தர் வழியாகக் கண்டி மாவட்டத்து வீடுகளை எட்டியது. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'ஃபுல் முதம்மஸ்' என அறபு மொழியில் வழங்கும் இவ்வுணவு, தாவரவியலார் 'விசியா ஃபாபா' எனப் பெயரிட்ட ஃபாவா அவரையின் உலர்ந்த விதையை இரவு முழுவதும் மெல்லிய வெப்பத்தில் வேகவைத்து ஆக்கப்படுவது. 'ஃபுல்' என்பது அவரையின் பெயர். 'முதம்மஸ்' என்பது 'புதைக்கப்பட்டது' என்னும் பொருளுடையதென விளக்குவர். இவ்வவரை மிகப் பழைய பயிர்களுள் ஒன்று. கலிலேயாப் பகுதியில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அது பயிரிடப்பட்டமைக்குத் தொல்லியற் சான்றுகள் உள. எகிப்தியர் அவரையை விதைப்பதுமில்லை, உண்பதுமில்லை, குருமார் அதனைக் காணவும் பொறார் என எரடோட்டசு எழுதிச் சென்றார். எனினும் பண்டைய எகிப்தியக் கல்லறைகளில் இவ்வவரை கண்டெடுக்கப்பட்டிருப்பதை நோக்கின், குருமாரின் விலக்கினை நாட்டு மக்கள் அனைவரினதும் வழக்கமாக அவர் கொண்டுவிட்டார் எனக் கருத இடமுண்டு. ஆள்வோரும் குருமாரும் எதனை விலக்கினர் என்பது எழுத்திலே பதிவாகும். உழுதவன் எதனை உண்டான் என்பதை மண்ணைத் தோண்டியே அறிதல் வேண்டும்.

இவ்வுணவின் சமையல் முறையைத் தெளிவாகப் பதிவுசெய்தவர்களுள் ஆங்கிலேயரான எட்வர்ட் லேன் குறிப்பிடத்தக்கவர். 1836இல் வெளிவந்த அவரது நூல், மட்பாண்டத்தில் இடப்பட்ட அவரை, வாய் இறுக மூடப்பட்டு, அடுப்பின் அல்லது குளியல் மண்டபத்தின் சுடுசாம்பரிற் கழுத்தளவு புதைக்கப்பட்டு இரவு முழுதும் வேகும் என்றும், காலையிற் கடைத்தெருவில் விற்கப்படும் என்றும், ஆளிவிதை எண்ணெயோ வெண்ணெயோ சிறிது தேசிக்காய்ச் சாறோ சேர்த்து உண்ணப்படும் என்றும் கூறுகின்றது. இதன் பொருளாதார அடிப்படை மனங்கொள்ளத்தக்கது. நைல் பள்ளத்தாக்கு விறகு அரிதான நிலம். பொதுக் குளியல் மண்டபத்தின் நீரைச் சூடாக்கிய பின் எஞ்சும் கனலே அவரையையும் வேகவைத்தது. ஒரு தெருவார் அனைவருக்குமான காலையுணவு, வீணாகவிருந்த வெப்பத்தினால் ஆயிற்று. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் கூலியாள் சிறு காசுக்கு அதனை வாங்கி, ரொட்டியோடும் வெங்காயத்தோடும் உண்டு நண்பகல்வரை பசி தாங்கினான். உலர்ந்த ஃபாவா அவரையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதமாகும். கோதுமையிற் குறைவாகவுள்ள இலைசீன் என்னும் அமினோவமிலத்தை இவ்வவரை ஈடுசெய்கின்றது. இறைச்சி வாங்க வழியற்ற உழவனின் உடலுழைப்பைத் தாங்கிய உணவு இதுவெனலாம்.

ஒராபி பாஷாவும் நைல் கழிமுகத்துக் கிராமமொன்றிற் பிறந்தவரே. துருக்கிய, சேர்க்காசிய உயர்குழாம் மேலோங்கியிருந்த படையிலே, மண்ணின் மைந்தரான உழவரின் வழித்தோன்றல் உயர்பதவி பெற்றமையே அவரது இயக்கத்தின் சமூக முக்கியத்துவமாகும். இருப்பினும் இலங்கைக்கு வந்தபோது அவர் பாஷாவாகவே வந்தார். கண்டிச் சமூகம் அவரைப் பள்ளிவாசலிலும் வரவேற்புக் கூட்டங்களிலும் கண்டது. அங்கே புலப்பட்டவை உடையும் பேச்சும் கருத்துமே. அடுப்பங்கரையோ இல்லத்தின் உட்பகுதியிற் பெண்களுக்கும் பணியாளருக்கும் உரியதாயிருந்தது. உடையைத் தெருவில் நின்று பார்த்துக் கற்கலாம். பக்குவத்தை அடுப்படியில் நின்றே கற்றல் வேண்டும்.

பயிரும் ஒரு தடையாயிற்று. எகிப்திலே ஃபாவா அவரை ஒக்டோபர், நவம்பரில் விதைக்கப்பட்டு ஏப்பிரலில் அறுவடையாகும் குளிர்காலப் பயிர். வெப்பம் மிகுந்தால் அதன் பூக்கள் உதிர்ந்துவிடும். கண்டி மாநிலத்தின் தாழ்பகுதிகள் அதற்கு உகந்தவையல்ல. அன்றியும் இங்கு அவ்வவரைக்கான தேவை இருக்கவில்லை. குறிஞ்சி நிலத்து அவரையைச் சங்கச் செய்யுள்களே பேசுகின்றன. அதன் தாவரவியற் பெயரிலுள்ள 'லப்லப்' அறபுச் சொல்லென்பதும், ஆங்கிலேயர் அதனை 'எகிப்திய அவரை' என்றும் அழைத்தனர் என்பதும் சுவையான ஒற்றுமைகள். எமது மொச்சையும் ஃபாவா அவரையும் வேறு வேறு இனங்களாயினும் சட்டியிலே நெருங்கிய உறவினர் போல ஒழுகுவன. கண்டிச் சிங்கள மக்களின் பயறிட்ட பாற்சோறும், தமிழரும் முஸ்லிம்களும் தேங்காய்ப்பூவோடும் சம்பலோடும் உண்ணும் அவித்த பயறும் கடலையும் கௌபியும், ஃபுல் முதம்மஸ் எகிப்தில் ஆற்றிய பணியையே இங்கு ஆற்றின. 1970களில் மைசூர்ப் பருப்பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, கௌபியும் பயறும் உள்நாட்டிற் பெருமளவு பயிரிடப்பட ஊக்கமளிக்கப்பட்டமை இவ்வழக்கினை மேலும் வலுப்படுத்தியது.

இனி இரண்டாம் வருகையை நோக்குவோம். கண்டி–மகியங்கனை வீதியிலமைந்த திகன, 1980களில் விக்டோரியா அணைக்கட்டின் பொருட்டுப் பெரும் மாற்றத்திற்குள்ளான சிற்றூர். 1985இல் திறந்துவைக்கப்பட்ட அவ்வணை பழைய தெல்தெனிய நகரை நீரில் அமிழ்த்தியது; அணைகட்ட வந்த வெளிநாட்டுப் பொறியியலாளருக்கெனத் திகனவிலே தனிக் குடியிருப்பு எழுந்தது. வெளிநாட்டார் இவ்வூருக்கு வந்த அதே காலத்தில், இத்தகைய ஊர்களின் பெண்கள் வெளிநாடு செல்லத் தொடங்கியிருந்தனர். 1970களின் பிற்பகுதியில் மத்திய கிழக்கு நாடுகளில் எழுந்த தொழில் வாய்ப்பு இலங்கையின் உழைப்பாளரை ஈர்த்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களிற் புறப்பட்டோருள் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுள் மிகப் பலர் வீட்டுப் பணிப்பெண்கள். கண்டி, அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று.

சவூதி அரேபியா, குவைத், ஜோர்தான், லெபனான் ஆகிய நாடுகளிலெல்லாம் ஃபுல் காலையுணவாக வழங்குவது. இரவிலே அவரையை ஊறவைப்பதும், வீட்டார் துயிலெழுமுன் அதனை வேகவைத்து மசித்து வைப்பதும் பணிப்பெண்ணின் கடமைகளுள் அடங்கின. ஒராபி பாஷாவின் தொப்பியைப் போல விரும்பிக் கைக்கொண்ட பண்பாட்டு அடையாளமாக இவ்வறிவு வரவில்லை. கூலிக்காகக் கற்ற வேலையாகவே வந்தது. கெய்ரோவிலே குளியல் மண்டபத்துக் கனல் செய்த பணியை, நவீன அறபு வீடுகளில் இலங்கைப் பெண்ணின் உறக்கமிழந்த இரவு செய்தது. தாயகம் திரும்பித் தன் வீட்டடுப்பிலே தன் பிள்ளைகளுக்காக அதனை அவள் ஆக்கும்போதுதான் அது கட்டளையினின்றும் நீங்கி உணவாகின்றது.

திகனவிலுள்ள வீடொன்றில் இதனை ஆக்கும் முறையைக் கூறுவதும் வரலாற்றின் பாற்பட்டதே. ஐந்தாறு பேருக்கு இரண்டு சுண்டு உலர்ந்த ஃபாவா அவரை போதும்; அளவிற் சிறிய, உருண்ட இனமே எகிப்தியர் விரும்புவது. அதனைக் கழுவிப் பத்து அல்லது பன்னிரண்டு மணிநேரம் ஊறவைத்து, அந்நீரை வடித்து, மும்மடங்கு புதுநீருடன் மண்சட்டியில் இடுதல் வேண்டும். குழம்பு தடிப்பதற்காக ஒரு பிடி மைசூர்ப் பருப்பைச் சேர்ப்பது எகிப்திய வழக்கம். கொதித்தபின் தணலைத் தணித்து, சட்டியை மூடி, விறகடுப்பின் சாம்பரும் தணலும் சூழ ஆறேழு மணிநேரம் விட்டுவிட, விதை உருக்குலையாது உள்ளே வெண்ணெய்போல் இளகும். காலையில் அதனை அரைகுறையாக மசித்து, நசுக்கிய உள்ளி, வறுத்துப் பொடித்த நற்சீரகம், உப்பு, தேசிக்காய்ப் புளி ஆகியன சேர்த்து, மேலே எண்ணெய் ஊற்றுவர். ஒலிவ எண்ணெய்க்கு ஈடாக நல்லெண்ணெய் பொருந்தும். எள்விழுதும் அங்கு ஃபுல்லுடன் சேர்க்கப்படுவதே. பலாடி ரொட்டியின் இடத்தைக் குரக்கன் ரொட்டி செவ்வனே நிரப்பும். தேங்காய்ப்பூவும் இடித்த கொச்சிக்காயும் சேர்ப்பின் அது எகிப்தின் எல்லையைத் தாண்டிக் கண்டிக்குரியதாகிவிடும்.

நீண்டநேர மென்வெப்பத்தின் பயன் அறிவியல் நோக்கிலும் விளங்கத்தக்கது. விதையின் கலங்களைப் பிணைத்திருக்கும் பெற்றின் என்னும் பொருள் மெல்லமெல்லக் கரைவதனாலேயே அவரை இளகுகின்றது. நீரிலே கல்சியம் மிகுந்தால் அப்பிணைப்பு இறுகும். சிறிதளவு சோடா சேர்ப்பின் தளரும். 2022இல் சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. அக்காலத்திலே, சமைத்து முடிந்தபின் எஞ்சும் தணலைப் பயன்படுத்தும் இப்பழைய உத்தியின் பொருத்தம் மீண்டும் உணரத்தக்கதாயிற்று.

ஓர் எச்சரிக்கையும் இங்கு இன்றியமையாதது. ஜீ-6-பீ-டீ என்னும் நொதியம் குறைவாகப் பிறந்தோர் இவ்வவரையை உண்ணின் அவர்தம் செங்குருதிக் கலங்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மலேரியா நீண்டகாலம் நிலவிய நாடுகளில் இக்குறைபாடு மிகுதியாகக் காணப்படுகின்றது. நோய்க்கு எதிராக அது ஓரளவு காப்பளித்தமையே அதற்குக் காரணமென்பர். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்களை இழந்த இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றதெனினும், பரம்பரையாக வந்த அக்குறைபாடு இங்கும் சிலரிடம் உண்டு.

எகிப்திலும் இன்று நிலைமை மாறிவிட்டது. மக்கள் தொகைப் பெருக்கம், கோதுமைப் பயிரின் போட்டி, 1991–92 பருவத்தில் மத்திய எகிப்தின் அவரை வயல்களை அழித்த வைரசு நோய் ஆகியவற்றின் விளைவாக, நைல் கரையினர் தம் தேசிய உணவுக்கான அவரையிற் பெரும்பகுதியை அவுஸ்திரேலியா, பிரித்தானியா முதலிய நாடுகளிலிருந்து பெறுகின்றனர். கனடாவினதும் அவுஸ்திரேலியாவினதும் பருப்பை நம்பியிருக்கும் எமது நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். ஒராபி பாஷாவின் வருகைக்குக் கப்பலின் பெயரும் நாளும் உண்டு, நினைவில்லமும் உண்டு. ஃபுல் முதம்மஸைக் கண்டி மாவட்டத்திற்குக் கொணர்ந்த பெண்களின் வருகைக்கோ விமான நிலையத்துப் பதிவேடன்றி வேறு சான்றில்லை. 1980களில் இருபது வயதினராகப் புறப்பட்டோர் இன்று அறுபதை அண்மித்தோ கடந்தோ விட்டனர். எந்த நகரில், எவர் வீட்டில், எவ்வளவு கூலிக்கு, எந்நேரத்தில் எழுந்து அவ்வடுப்பை மூட்டினர் என்பதை அவர்களே அறிவர். பேராதனைக்கு அண்மையிலுள்ள திகன, குண்டசாலை, தெல்தெனியப் பகுதிகளிலே இவ்வாய்மொழிச் செய்திகளைத் தொகுத்தல் மாணவராற் செய்யக்கூடிய பணி. காலந்தாழ்த்தின் செய்யவியலாத பணியும் அதுவே.