சேன்-லோவில் எரிந்த சாட்சிகள்

1944 ஜூன் 6. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அன்று மாலையும் நள்ளிரவிலும் சேன்-லோ நகரத்தின் மீது குண்டுகள் விழுந்தன. சாலைகள் கூடும் ஊரை இடித்துவிட்டால் ஜெர்மானியத் துணைப்படை கடற்கரைக்கு வர முடியாது என்பது கணக்கு. வீர் ஆற்றை ஒட்டிப் பாறைமேல் இருந்த பழைய ஊர் ஏறக்குறைய முழுதும் தரைமட்டமானது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஜெர்மானியரை எதிர்த்துப் பிடிபட்டிருந்தவர்கள் சிறைக்குள்ளேயே மாண்டார்கள். அந்தக் குண்டுவீச்சில்தான் மான்ஷ் மாவட்ட ஆவணக் காப்பகமும் எரிந்துபோனது. இந்த இரங்கல் அந்தக் காப்பகத்துக்காக.

மனிதர்கள் செத்த இரவில் ஆட்டுத்தோல் ஏடுகளுக்காகத் துக்கம் காக்கலாமா என்று யாரும் கேட்கலாம். காக்கலாம் என்றே நினைக்கிறேன். அந்த ஏடுகளில் இருந்தவர்களும் மனிதர்கள்தாம். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் மடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர், அதற்குச் சம்மதம் சொன்ன மனைவி, பக்கத்தில் நின்ற தம்பி, சாட்சிக்கு வந்த ஊர்ப் பாதிரியார். இவர்களில் பலருக்குக் கல்லறை கிடையாது. வேறெந்த ஏட்டிலும் பெயர் கிடையாது. ஒரு தோல் துண்டில் நான்கு எழுத்தாக இருந்தார்கள், அவ்வளவுதான். அதுவும் போயிற்று.

காப்பகம் பிறந்தது பிரெஞ்சுப் புரட்சியில். மடங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டபோது அவற்றின் ஏடுகளும் அரசுக்கு வந்தன. 1796இல் வந்த ஒரு சட்டம், அந்தந்த மாவட்டத்தின் ஏடுகளைத் தலைநகரில் ஒன்றுசேர்க்கச் சொன்னது. மான்ஷ் மாவட்டத்தின் தலைநகரம் சேன்-லோ. கடலுக்குள் நிற்கும் மோன் சேன்-மிஷேல் மடத்தின் சாசனங்கள், லெசே, ஆம்பீ, பிளான்ஷ்லாந்து மடங்களின் சாசனங்கள் எல்லாம் அங்கே வந்து குவிந்தன. மோன் சேன்-மிஷேலின் நூலகம் மட்டும் அவ்ரான்ஷ் நகரத்துக்குப் போனது. அதனால் அந்த மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் படம் வரைந்து தொகுத்த சாசனப் பேரேடு இன்றும் அவ்ரான்ஷில் இருக்கிறது. பேரேட்டுக்கு மூலமான தனித்தனிச் சாசனங்கள் சேன்-லோவுக்குப் போனவை. ஒரே மடத்திலிருந்து கிளம்பிய இரண்டு வண்டிகள் வெவ்வேறு சாலையில் திரும்பின. அந்தத் திருப்பம்தான் ஒன்றைக் காப்பாற்றியது, மற்றதை அழித்தது.

இதை ஏன் ஒரு குடும்பத்தின் கொடிவழியோடு சேர்த்துப் பேச வேண்டும்? இங்கிலாந்தின், ஸ்காட்லாந்தின் வரலாற்றைப் புரட்டினால் வரும் பெரிய வீட்டுப் பெயர்கள் பலவும் மான்ஷ் மாவட்டத்துச் சிற்றூர்களின் பெயர்கள். ஸ்காட்லாந்துக்கு அரசனான ராபர்ட் புரூஸின் முன்னோர் பிரிக்ஸ் என்ற ஊர்க்காரர்கள். ஐந்தாம் ஹென்றியின் தாய் மேரி, போஹன் என்ற ஊரிலிருந்து கிளம்பிய வீட்டுப் பெண். மோபிரே குடும்பத்துக்கு மோன்பிரே, மோஹன் குடும்பத்துக்கு முவாயோன். பேனெல் குடும்பத்துப் பிரபு வில்லியம் 1145இல் ஆம்பீ மடத்தை நிறுவினார். இந்த வீடுகளின் தொடக்கத்தைத் தேடுகிறவர் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவு இல்லை. குடும்பப் பெயரும் நிலைபெறவில்லை. அப்பன் ஓர் ஊர்ப் பெயரால் அழைக்கப்படுவார், மகன் இன்னோர் ஊர்ப் பெயரால். இருவரும் ஒரே இரத்தம் என்பதைப் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள மடத்துச் சாசனம்தான் வழி. நிலம் கொடுத்தவர் தம் தாய் தந்தை ஆன்மாவுக்காக என்று பெயர் சொல்லிக் கொடுப்பார். ஒரு தலைமுறை கிடைத்துவிடும். பின்னால் வழக்குப் போடக்கூடியவர்களின் சம்மதத்தை மடம் முன்னதாகவே வாங்கிவைக்கும். மனைவி, மக்கள், உடன்பிறந்தார் கிடைத்துவிடுவார்கள். கடைசியில் சாட்சிகள் வரிசை. யார் யாருக்கு முன்னால் நிற்கிறார், எவருடைய ஆட்கள் எவரோடு வந்திருக்கிறார்கள் என்பதிலிருந்து மாமன் மச்சான் உறவுகள் மெல்லத் துலங்கும். ஒரு சாசனம் தனியாக ஒன்றும் சொல்லாது. முப்பதை அடுக்கி வைத்தால் ஒரு வீடு எழுந்து நிற்கும்.

லா ஹே குடும்பத்தையே பாருங்கள். கோத்தாந்தேன் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு அருகே லெசே மடத்தை 1056 அளவில் துர்ஸ்டின் ஹால்டப் என்ற பிரபுவும் அவர் மனைவி எம்மாவும் மகன் யூடோவும் நிறுவினார்கள். யூடோ, இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னரின் அரண்மனை அதிகாரி. 1098இல் இறந்து, தாம் கட்டிய கோயிலின் பாடகர் மேடையடியிலேயே புதைக்கப்பட்டார். அவருக்குப் பின் ராபர்ட் என்பவர் லா ஹேயின் பிரபுவாக வருகிறார். இவர் யார்? லெசே மடத்துச் சாசனங்கள் வழியே வந்த ஒரு வரி சொல்கிறது: மோர்தேன் கோமான் ராபர்ட்டின் அதிகாரியான ரனுல்ஃபின் மகன், வில்லியம் மன்னரின் அதிகாரியான யூடோவின் உடன்பிறந்தார் ஒருவருக்குப் பிள்ளை. ஒரே வரியில் இரண்டு தலைமுறை, இரண்டு பதவி, இரண்டு அரண்மனை.

இந்த ராபர்ட்டுக்கு முதலாம் ஹென்றி மன்னர் இங்கிலாந்தின் தென்கரையில் ஹால்நேக்கர் நிலங்களைக் கொடுத்தார். ராபர்ட் அங்கே பாக்ஸ்குரோவ் என்ற ஊரில் மூன்று துறவிகளை வைத்து ஒரு சிறு மடம் தொடங்கி, அதை லெசேயின் கிளையாக்கினார். மனைவி முரியெல் வழியில் லிங்கன் நகரத்திலும் உரிமை வந்தது. மகன் ரிச்சர்ட் 1150களில் நார்மண்டியில் பிளான்ஷ்லாந்து மடத்தை நிறுவினார். ரிச்சர்டின் மகள்தான் நிக்கோலா.

நிக்கோலாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். லிங்கன் கோட்டையின் காவல் பொறுப்பு அவர் கையில் இருந்தது. 1191இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1216இல், ஜான் மன்னர் செத்த அதே நாளில், லிங்கன்ஷயரின் ஷெரீப்பாக நியமிக்கப்பட்டார். ஒரு பெண்ணுக்கு அந்தப் பதவி அன்று எண்ணிப் பார்க்க முடியாதது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு இளவரசர் லூயியின் படை லிங்கன் நகரத்தைப் பிடித்துக் கோட்டையைச் சூழ்ந்தது. முதுமையிலிருந்த நிக்கோலா கோட்டையைப் பிடித்து நின்றார். உதவிப்படை வந்து சேர, இங்கிலாந்தின் மணிமுடி யாருக்கு என்பது அந்தச் சண்டையில் பெருமளவு தீர்ந்தது. 1230இல் காலமானார். இத்தனை பெரிய வாழ்க்கைக்கு லிங்கன் பக்கத்துச் சான்றுகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய பாட்டன், முப்பாட்டன் வாழ்ந்த பக்கத்துச் சான்றுகள் சேன்-லோவில் இருந்தன.

1204இல் பிரான்சின் மன்னர் பிலிப் நார்மண்டியைப் பிடித்துக்கொண்ட பிறகு இரு கரையிலும் நிலம் வைத்திருந்த வீடுகள் பிளந்தன. இங்கிலாந்து அரசனுக்கு விசுவாசமானவர்கள் நார்மண்டி நிலத்தை இழந்தார்கள். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை. இரண்டு கரையின் ஏடுகளையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு வீடு ஒரு வீடாகத் தெரியும். லண்டனில் அரசாங்கக் கணக்குச் சுருள்கள் பெருவாரியாகப் பிழைத்துவிட்டன. அதனால் இன்று எழுதப்படும் நார்மன் கொடிவழிகளில் இங்கிலாந்துக்குப் போன கிளை தடித்துப் படர்ந்திருக்கும். ஊரிலேயே தங்கிய கிளை ஒரு பெயரோடு நின்றுவிடும். படிக்கிறவர் அந்தக் கிளை பட்டுப்போனது என்று எண்ணுவார். பட்டுப்போகவில்லை. அவர்களுடைய ஏடுகள் எரிந்துவிட்டன.

நகல் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். கோத்தாந்தேனின் வலோஞ் நகரத்தைச் சேர்ந்த ஷார்ல் தெ ஜெர்வில், புரட்சிக்குப் பின் சிதறிக் கிடந்த சாசனங்களைத் தேடித் திரட்டியவர். அவரிடம் பழைய எழுத்துப் படிக்கக் கற்ற வலோஞ்காரப் பையன்தான் பின்னாளில் பாரிஸ் தேசிய நூலகத்தின் தலைவரான லியோபோல்ட் தெலில். 1867இல் அவர் சேன்-சோவர்-லெ-விகோந்த் கோட்டைப் பிரபுக்களின் வரலாற்றை எழுதியபோது, ஆதாரச் சாசனங்களையும் பின்னிணைப்பாக அச்சிட்டார். தம் பிறந்த ஊருக்குப் பக்கத்துக் கோட்டை என்ற பற்று அவருக்கு இருந்திருக்கும். எப்படியோ, அந்த வீடு பிழைத்தது. ஜெர்சி தீவின் அறிஞர்கள் தங்கள் தீவுகளைப் பற்றிய சாசனங்களைத் திரட்டி 1924க்குள் அச்சிட்டு முடித்தார்கள், அவையும் பிழைத்தன. 1899இல் ஜே. ஹெச். ரவுண்ட், பிரான்சில் உள்ள ஏடுகளில் பிரிட்டனையும் அயர்லாந்தையும் தொடுகிறவற்றின் சுருக்கங்களைப் பெருந்தொகுதியாக வெளியிட்டார். லா ஹே குடும்பத்தைத் தேடுகிறவர் இன்றும் அந்தத் தொகுதியைத்தான் கையில் எடுக்கிறார்.

ஆனால் நகலில் நகலெடுத்தவரின் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கும். ரவுண்டுக்கு இங்கிலாந்து வேண்டியிருந்தது. இங்கிலாந்தைத் தொடாத சாசனங்கள் அவருடைய வரம்புக்கு வெளியே நின்றன. எடுத்தவற்றையும் ஆங்கிலத்தில் சுருக்கினார். கடல் கடக்காத மகள்கள், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த தங்கைகள், இரண்டு ஏக்கர் நிலத்துக்குச் சாட்சி நின்ற சிறிய வீரர்கள் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. இது அவர் குற்றமில்லை. மூலம் சேன்-லோவில் இருக்கிறது, வேண்டியவர் போய்ப் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் எந்த ஆய்வாளரும் சுருக்குகிறார்.

மூல ஏடு இருந்திருந்தால் இன்று அதனிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. மடங்கள் தங்கள் உரிமைக்காகச் சில சாசனங்களைப் பின்னால் திருத்தின, சிலவற்றைப் புதிதாகவே எழுதிக்கொண்டன. தலைமுறையைக் கணக்கிடுகிறவருக்கு இது உயிர்நாடியான செய்தி. போலிச் சாசனத்தில் வரும் ஒரு தாத்தாவால் மரமே கோணிப்போகும். சாட்சிகளின் சிலுவைக் குறிகள் வெவ்வேறு கையால் இடப்பட்டவையா, ஒரே எழுத்தர் வரிசையாகப் போட்டவையா? ஒரு பெயர் வேறு மையில் பிற்பாடு சொருகப்பட்டதா? நகலில் எல்லாச் சிலுவையும் ஒன்றுபோலத்தான் அச்சாகும். சுரண்டி அழித்த எழுத்தைப் புறஊதா ஒளியில் இன்று படிக்கிறார்கள். தோலின் மேல் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, உதிரும் துகளிலிருந்து அது செம்மறியா, வெள்ளாடா, கன்றா என்று சொல்லும் முறை யார்க் பல்கலைக்கழகத்தில் வந்துவிட்டது. 1899இல் யாருக்கும் தோன்றாத கேள்விகள் இவை. நாளைக்கு இன்னும் வரும். பதில் சொல்ல வேண்டிய தோல் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் அச்சான காப்பகப் பட்டியலின் தொகுதிகள் மட்டும் இருக்கின்றன. மடத்தின் பெயர், கட்டின் எண், உள்ளே என்ன இருந்தது என்ற ஓரிரு வரிகள். ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் அந்த எண்களைப் போட்டு, பக்கத்தில் ‘1944இல் அழிந்தது’ என்று எழுதுவார்கள். நார்மன் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இது மிகப் பழகிப்போன குறிப்பு. பழகிப்போனதுதான் எனக்கு வருத்தம்.

லெசே மடத்துக் கோயிலும் அதே கோடையில் விழுந்தது. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் வைத்த வெடியில் கூரையும் வளைவுகளும் சரிந்தன. போருக்குப் பிறகு கட்டடக்கலைஞர் ஈவ்-மரி ஃப்ருவாதவோ, இடிந்து கிடந்த கற்களையே பொறுக்கி எடுத்து, பழைய முறையிலேயே அடுக்கி, 1950களின் இறுதிக்குள் கோயிலை மறுபடி எழுப்பினார். யூடோ புதைக்கப்பட்ட கோயிலுக்குள் இன்று நடக்கலாம். கல் விழுந்தாலும் கல்லாகவே கிடக்கும். எரிந்த தோலை அப்படிப் பொறுக்கி எடுத்துச் சேர்க்க முடியாது.

காலியான இடத்தைப் பொய் வந்து நிரப்புகிறது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வில்லியமோடு 1066இல் கடல் கடந்தவர்கள் என்று ஃபலேஸ் கோட்டையில் 1931இல் ஒரு வெண்கலப் பட்டயம் பதித்தார்கள்; முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். வில்லியம் வென்ற ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நின்றார் என்று சமகாலச் சான்றோடு காட்டக்கூடியவர்கள் இருபது பேரைச் சுற்றித்தான் தேறுவார்கள். ஆனாலும் அந்தப் பட்டயத்தையும், பிற்காலத்தில் எழுதி எழுதி நீட்டிய பழைய பட்டியல்களையும் வைத்துக்கொண்டு, தங்கள் வீட்டை ஹேஸ்டிங்ஸ் வரை கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார்கள். புரூஸ் குடும்பத்தின் முதல் ராபர்ட் 1066இல் வந்தார் என்ற கதை நூற்றாண்டுகள் ஓடியது. சான்றுகளில் அவர் துலங்குவது முதலாம் ஹென்றி காலத்தில்தான், 1100க்குப் பிறகு. இப்படி மறுத்துச் சொல்வதற்கு ஏடு வேண்டும். ஏடு இல்லாத இடத்தில் எந்தத் தாத்தாவையும் எந்தப் பேரனோடும் கட்டிவிடலாம்.

லா ஹே குடும்பத்தின் அந்த ஒரு வரிக்கே மறுபடி வருகிறேன். ராபர்ட், ரனுல்ஃபின் மகன். யூடோவின் உடன்பிறந்தார் ஒருவருக்குப் பிள்ளை. அப்படியானால் யூடோ அவருக்குப் பெரியப்பாவா, தாய்மாமனா? ரனுல்ஃபும் யூடோவும் உடன்பிறந்தவர்களா, இல்லை ரனுல்ஃப் யூடோவின் தங்கையைக் கட்டியவரா? முதலாவது என்றால் லா ஹே வீடு மடத்தை நிறுவிய துர்ஸ்டினின் ஆண்வழி. இரண்டாவது என்றால் வேறு ஆண்வழி. பெண் மூலமாக நிலம் கைமாறியிருக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. லத்தீன் வரி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ரனுல்ஃப் தம் மனைவி பெயரைச் சொல்லி லெசேவுக்கு ஒரு தோட்டமோ, ஓர் ஆலையின் வருமானமோ எழுதிக் கொடுத்த ஒரு சின்னச் சாசனம் போதும், கேள்வி தீர்ந்துவிடும். கடல் கடக்காத நிலத்தைப் பற்றிய அப்படிப்பட்ட சின்னச் சாசனங்களைத்தான் ரவுண்ட் தொடவில்லை. சேன்-லோவிலிருந்து அவற்றை இனி எடுத்துப் பார்க்கவும் முடியாது.