பாதரசம் போன வழி

ஓவேலி என்ற பெயரைக் கேட்பவர்கள் அது ஏதோ பழைய தமிழ்ப் பெயர் என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஆக்டர்லோனி என்ற துரையின் பெயரைத் தாங்கிய பள்ளத்தாக்கு அது. வாயில் நுழையாத பெயர் ஓர் எழுத்தாகத் தேய்ந்துவிட்டது. அங்கே வந்த துரைமார் காப்பி பயிரிட்டார்கள். கொஞ்ச தூரத்தில், தேவாலாவிலும் பந்தலூரிலும், 1880-ஐ ஒட்டி வேறொரு கூட்டம் வந்து இறங்கியது. தங்கம் தேடி வந்த கூட்டம்.

குறும்பர்கள் ஓடை மணலை அலசிப் பொன் பொடி எடுத்து வந்த பூமி அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் அறிக்கை எழுதினார். லண்டனில் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. பாறையை இடித்துப் பொடியாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காய்ச்சினால் பாதரசம் ஆவியாகி, பொன் மிஞ்சும். மிஞ்சியது என்னவோ சொற்பந்தான். சில வருஷங்களில் கம்பெனிகள் கவிழ்ந்தன. தோண்டிய குழிகளில் தண்ணீர் ஏறியது. மேலே தேயிலை பசுமையாகப் படர்ந்தது. தண்ணீரில் கலந்த துளிப் பாதரசத்தைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று உலகத்திலேயே கிடையாது.

ஆலை போன பிறகு அதன் அடியில் ஓடும் தண்ணீர் என்ன ஆகிறது? இந்தக் கேள்வி நூறு வருஷம் கழித்து, தெற்கே இன்னொரு மலையில், அதே பாதரசத்தைப் பற்றியே எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்த தெர்மாமீட்டர் ஆலை கழற்றப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தது. பிற்பாடு அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடந்தது வெளியே தெரிந்தது. ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் கழிவில் சுமார் 290 டன் கப்பலேறி, வந்த தேசத்துக்கே திரும்பிப் போயிற்று! பழைய தொழிலாளர் 591 பேருக்கு 2016-ல்தான் ஒரு சமரசம் கிடைத்தது. நோயோடு அத்தனை வருஷம் காத்திருப்பது லேசான காரியமா?

ஆலை இருந்த மேடு பாம்பார்ச் சோலையின் விளிம்பு. அங்கே விழும் மழை கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும். இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிப்பது என்றால், சரிவின் மேலே ஒரு துளையும் கீழே சில துளைகளும் போட்டு, ஓட்டைகள் உள்ள குழாயை இறக்குவார்கள். தேங்கிக் கிடக்கும் பழைய நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறுவதைத்தான் பிடிக்க வேண்டும். வடிகட்டியது ஒரு சீசா, வடிகட்டாதது ஒரு சீசா. மழைக்கு முன்பு ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை. ஏனென்றால் பாதரசம் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. வண்டலின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறது. கோடையில் தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பார்த்து, 'குற்றமில்லை' என்று எழுதிவிடுவது மகா சுலபம்.

குடிநீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்தான் நம் நாட்டு வரம்பு. ஆலை மண்ணுக்கோ, கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிற்று. போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் பக்கந்தான் என் மனம் சாய்கிறது. சோலை மண்ணை மழை சும்மா விடுமா?

அணுசக்தித் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம். ஆக, வரம்பில் பாதிகூட இல்லை. ஆனால் அதே ஏரியின் மீன்களில் பாதரசம் சேர்ந்திருந்தது. தண்ணீர் தப்பித்துக்கொண்டது, மீன் அகப்பட்டுக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. ஏரி இருப்பது ஆலையின் மறுபக்கத்தில். ஆலைத் தண்ணீர் அங்கே இறங்குவதே இல்லை. பாதரசம் ஆவியாகிக் காற்றில் போயிருக்கிறது. ஏரிக்கரை மரங்களில் படர்ந்திருந்த பாசியையும் சுரண்டி எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். அதிலும் இருந்தது.