பதினேழு எண்ணும் வரை

இன்னும் சில நாளில் கொல்கத்தா சால்ட் லேக் கால்பந்து மைதானத்தில் மோகன் பகானை மறுபடி எதிர்கொள்கிறோம். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நான் ‘எதிர்கொள்கிறோம்’ என்று எழுதுவதற்குக் காரணம் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர். 1950இல் கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்றே அவரை அழைத்து வளர்ந்தேன். ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் பொன்னிறமும் அவர் தந்த சொத்து.

இரண்டு அணிகளின் பகையைத் தேசப் பிரிவினையோடு முடிச்சுப் போடுவது பலருக்கும் வழக்கம். பிரிவினைக்குப் பின் ஊரை இழந்து வந்தவர்கள் ஈஸ்ட் பெங்காலையே தங்கள் ஊராகப் பற்றிக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் விதை அதற்கு 27 ஆண்டு முன்பே விழுந்துவிட்டது. 1920 ஜூலை 28, கூச் பெஹார் கோப்பை. மோகன் பகானுக்கு எதிராக இறங்கிய ஜோராபாகான் அணி, சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்கவில்லை. கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் இந்தப் புறக்கணிப்பு என்று மனம் கசந்த துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கிளப்பை விட்டு விலகினார். ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் பிறந்தது.

அவமதித்தது மோகன் பகான் அல்ல. அன்று எதிரே ஆடிய அணி, அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் பிறந்த கதையைச் சொல்ல வாயெடுத்தால் முதல் வரியிலேயே அவர்கள் பெயர் வந்து நிற்கிறது. 1911இல் பிரிட்டிஷ் இராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கிய அணி அது. அந்த வெற்றியில் எனக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

கல்கத்தா லீகில் முதல் சந்திப்பு 1925 மே 28. நேபாள் சக்கரவர்த்தியின் ஒரே கோலில் நாங்கள் வென்றோம். ஆனால் ஜேட்டுவின் வரலாறு எழுபதுகளில்தான் தொடங்கும். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டங்கள். அதன் உச்சமாக 1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதியாட்டம், மோகன் பகானுக்கு எதிராக 5-0. ‘ஐந்து’ என்ற சொல்லை அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டாமல் சொன்னதே இல்லை.

அந்த ஐந்தைச் சாதித்த பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி மறு ஆண்டே மோகன் பகானுக்குப் போனார். எங்களுக்காக ஆடிய அக்பரும் அங்கே. 1976 லீக் ஆட்டம். ஜேட்டு பீடி பற்றவைக்கக் குனிந்திருக்கிறார். நிமிர்வதற்குள், தொடங்கிய 17ஆவது விநாடியில், அக்பர் கோல் போட்டுவிட்டார். ஆட்டம் 1-0 என முடிந்தது. அந்த ஆண்டு லீகும் அவர்களுக்கே போனது. அன்று முதல் எந்த டெர்பியிலும் விசில் ஊதியதும் ஜேட்டு வாய்க்குள் எண்ணத் தொடங்குவார். எக், துய், தின்... ‘சொதெரோ’, அதாவது பதினேழு, வரும்வரை யாரோடும் பேச மாட்டார். ஐந்து கோல் அணியில் இருந்த ஷியாம் தாப்பாவும் பிறகு அங்கே போய், 1977 ஷீல்டு இறுதியாட்டத்தில் எங்களுக்கு எதிராகவே கோல் அடித்தார்.

1980 ஆகஸ்ட் 16ஐப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டம். மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டார்கள். பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. இன்றும் அந்நாளில் அவர்கள் நினைவாக இரத்ததானம் செய்கிறார்கள். எங்கள் வரலாற்றில் கோல் கணக்கு செல்லாத ஒரே நாள் அது.

நான் நேரில் கண்ட முதல் டெர்பி 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. எனக்குப் பதினோரு வயது. கூட்டம் 1,31,781. சிமெண்ட் படியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். வியர்வையில் அச்சு மை கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டைமண்ட்’ வியூகத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பக்கம் மறுபடியும் பி.கே. விசில் ஊதியதும் ஜேட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், 4-1. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அன்றிரவு ஜேட்டு வீட்டுக் கடுகு மணம் மாடிப்படி வரை வந்தது. முள் நீக்கிய ஒரு துண்டு இலிஷை அவரே என் வாயில் ஊட்டினார்.

2009இல் 5-3 எனத் தோற்றோம்; சிடி எடே மட்டும் நான்கு கோல். அதைவிட வலித்தது 2020 முதல் தொடர்ந்து எட்டு டெர்பித் தோல்விகள். அந்தச் சங்கிலியை 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் அறுத்தவர் சென்னைப் பையன் நந்தகுமார். 60ஆவது நிமிடத்தில் அவர் வளைத்து அடித்த பந்து வலையைத் தொட்டபோது நான் தமிழில் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் அர்த்தம் கேட்கவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் இறுதியாட்டத்தில், பத்துப் பேராகக் குறைந்த மோகன் பகான் பெட்ராடோஸின் கோலால் கோப்பையை எடுத்துக்கொண்டது. அதுவும் எங்கள் கணக்கில் இருக்கட்டும்.

ஜேட்டு இப்போது இல்லை. இந்த முறை என் மகளை அழைத்துப் போகிறேன். விசில் ஊதியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். சொதெரோவா, பதினேழா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.